கேரவன் யார்டு நடத்துகிறவர்களுக்கு: டேப் ஒட்டாதீர்கள், போன் செய்யுங்கள்

வணக்கம்.

அடுத்தவர்களின் கேரவன்களையும் கேம்பர் வேன்களையும், அதாவது படுக்கையும் சமையல் வசதியும் உள்ள பயண வண்டிகளை, மாதக் கணக்கில் வாங்கி நிறுத்திவைக்கிற யார்டு உரிமையாளர்களுக்கும், மேலாளர்களுக்கும், சாவியை வாங்கி வண்டிகளை முன்னும் பின்னும் நகர்த்துகிற தொழிலாளர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். என் வண்டி நின்ற யார்டு எது என்று இங்கே சொல்லப் போவதில்லை, அவர்களோடு பேச வேண்டியதை நேரில் பேசிக்கொண்டிருக்கிறேன். எனக்கு நடந்தது எந்த யார்டிலும் நடக்கக்கூடியது, அதைத் தடுக்க ஒரு போன் கால் போதும் என்பதால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

ஐந்து மாதம் கழித்து வண்டியை எடுக்கப் போனேன். கதவைத் திறப்பதற்கு முன் ஒரு சுற்றுச் சுற்றி வருவது பழக்கம். பின்பக்க இடது மூலையில், கூரையும் சுவரும் சேருகிற இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு பிரவுன் நிறப் பார்சல் டேப் ஒட்டியிருந்தது. நான் ஒட்டியது இல்லை. ஏணியைப் போட்டு ஏறிக் கிட்டத்தில் பார்த்தேன். டேப்பின் ஓரங்கள் சுருண்டு, பசை வெளியே தெரிந்த இடமெல்லாம் தூசி படிந்து கறுத்திருந்தது. நடுவில் இரண்டு அடுக்கு. முதலில் ஒட்டியது பிடிக்காமல் போயிருக்க வேண்டும், அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்தியிருக்கிறார்கள். உரித்துப் பார்த்தால் உள்ளே மூலை மோல்டிங், அதாவது அந்த இணைப்பை மூடுகிற பட்டை, உடைந்து, பக்கத்துத் தகடு உள்வாங்கி, என் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு.

கதவைத் திறந்ததுமே நெடி. மூடிவைத்த ஈரத் துணியின் நெடி. பின்பக்கப் படுக்கையின் தலைமாட்டில், உள்சுவரைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி உள்ளே போனது, விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. மெத்தையைத் தூக்கினால் அடியில் பிளைவுட் கறுத்து, ஓரத்தில் அடுக்கடுக்காக விரிந்திருந்தது. வெளிச்சுவரில், பிளவுக்குக் கீழே இடுப்பு உயரம் வரைக்கும், ஃபைபர் கிளாஸ் உப்பிப் போயிருந்தது. தட்டினால் மற்ற இடத்தில் கெட்டியாகக் கேட்கிற சத்தம் அங்கே வெற்றுச் சத்தமாகக் கேட்டது.

உங்களில் பல பேருக்கு இது தெரிந்த விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரியாததால்தான் ‘நகர்த்தும்போது லேசாக இடித்ததுதானே’ என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். இந்த வண்டிகளின் சுவர் காரின் சுவர் மாதிரி கிடையாது. பெரும்பாலானவற்றில் மேலே மெல்லிய ஃபைபர் கிளாஸ் தோல், அதற்குப் பின்னால் ஒரு மெல்லிய பிளைவுட், நடுவில் ஃபோம், உள்ளே இன்னொரு பலகை, இத்தனையும் பசையால் ஒன்றாக நிற்கிறது. மேலே ஒரு பிளவு விழுந்தால் தண்ணீர் அந்தப் பிளைவுட்டுக்குள் இறங்கிக் கீழே பரவிக்கொண்டே போகும். பசை விட்டுப்போகும், தோல் உப்பும். அதற்குப் பிறகு அந்தச் சுவர் சுவரே இல்லை. சின்ன இடம் என்றால் காயவைத்து மறுபடி ஒட்டிப் பார்க்கலாம், பெரிதாகிவிட்டால் சுவரையே பிரித்துக் கட்ட வேண்டும். ஈரம் அளக்கிற மீட்டரை வைத்துப் பார்த்தேன். மரத்தில் 15 சதவீதத்துக்குள் இருந்தால் பயமில்லை, 20ஐத் தாண்டினால் மரம் உளுத்துப்போகத் தொடங்கும் ஆபத்து என்று பார்ப்பார்கள். என் தலைமாட்டுப் பலகையில் 35 காட்டியது.

நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது. இரண்டு நாள். இடித்த அன்றைக்கு எனக்கு ஒரு போன் வந்திருந்தால் மறுநாளே தார்ப்பாயோடு வந்திருப்பேன். ஒரு மூலை மோல்டிங், இடைவெளியை அடைக்கக் கொஞ்சம் சீலன்ட், ஒரு நாள் வேலை, அவ்வளவோடு முடிந்திருக்கும். இடித்தவர் மீது எனக்குக் கோபம்கூட வந்திருக்காது என்று உண்மையாகவே நினைக்கிறேன். நெருக்கமாக நிற்கிற நாற்பது வண்டிகளுக்கு நடுவே ஏழு மீட்டர் வண்டியை ரிவர்ஸ் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், நானே ஒரு முறை தூணில் உரசியிருக்கிறேன்.

அந்த டேப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. யாருமே கவனிக்கவில்லை என்றால் சரி, துரதிர்ஷ்டம் என்று விட்டிருப்பேன். ஆனால் டேப் இருக்கிறது என்றால் ஒரு மனிதர் பார்த்திருக்கிறார், ஏணி கொண்டுவந்திருக்கிறார், ஒட்டியிருக்கிறார், அது நிற்கவில்லை என்று தெரிந்து இரண்டாவது முறையும் ஒட்டியிருக்கிறார். என் போன் நம்பர் அலுவலகத்துப் பதிவேட்டில் முதல் பக்கத்திலேயே இருந்தது. அந்த டேப் தண்ணீரைத் தடுக்கவும் இல்லை. மேல் ஓரம் சுருண்டதும் அது கூரைத் தண்ணீரை ஏந்திப் பிளவுக்குள் ஊற்றுகிற வாய்க்கால் ஆகிவிட்டது, உள்ளே போன ஈரம் ஆவியாகி வெளியே வரவும் விடவில்லை.

சரி, அலுவலகத்தில் கேட்டேன். ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார்கள். ‘வாகனம் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் நிறுத்தப்படுகிறது.’ இந்த ஒரு வரி உங்கள் எல்லோருடைய ஒப்பந்தத்திலும் ஏதாவது ஒரு வடிவத்தில் இருக்கும். அதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

வெறும் இடத்தை மட்டும் வாடகைக்குக் கொடுத்து, சாவி என்னிடமே இருந்து, நானே வந்து நானே எடுத்துப் போவதாக இருந்தால் அந்த வரியில் ஒரு நியாயம் இருக்கிறது. நீங்கள் கொடுத்தது இடம், வண்டி என் கையில்தான். ஆனால் நீங்கள் சாவியைக் கேட்டு வாங்குகிறீர்கள். மற்ற வண்டிகளுக்கு வழிவிட வேண்டும், அவ்வப்போது நகர்த்துவோம் என்று சொல்லித்தான் வாங்குகிறீர்கள். சாவி கை மாறிய அந்த நிமிடத்திலிருந்து நிலைமை வேறு. பல நாடுகளின் சட்டத்தில் இதற்குத் தனி இடமே இருக்கிறது. ஒருவர் பொருள் இன்னொருவர் காவலில் போனால், வாங்கியவர் நியாயமான அக்கறையோடு பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல நிலையில் போன பொருள் சேதத்தோடு திரும்பி வந்தால், தான் கவனமாகத்தான் இருந்தேன் என்று அவர்தான் காட்ட வேண்டிவரும். எழுதி வைத்த ஒரு வரி அதை முழுக்கத் துடைத்துவிடுமா என்பது இடத்துக்கு இடம் மாறும், ஆனால் ‘கையெழுத்துப் போட்டீர்களே’ என்று சொன்னதோடு பேச்சு முடிந்துவிடாது.

இது புதிதும் இல்லை. 1703இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. பெர்னார்டு என்பவர் காக்ஸ் என்பவரின் பிராந்திப் பீப்பாய்களை ஒரு நிலவறையிலிருந்து இன்னொரு நிலவறைக்கு மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார். கூலி எதுவும் கிடையாது, உதவியாகத்தான். அவருடைய கவனக்குறைவால் ஒரு பீப்பாய் உடைந்து பிராந்தி கொட்டிப்போனது. சும்மா செய்தாலும் ஏற்றுக்கொண்ட பிறகு பொறுப்பு உண்டு என்று தலைமை நீதிபதி ஜான் ஹோல்ட் உட்பட நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். கூலியே வாங்காதவருக்கு அப்படி என்றால், மாதா மாதம் பணம் வாங்குகிறவருக்கு என்ன என்று யோசித்துப் பாருங்கள். நம் மொழியில் இதற்கு ‘அடைக்கலப் பொருள்’ என்று ஒரு சொல்லே இருக்கிறது. அதைச் சொல்லும்போது பொருளின் விலை பற்றிய நினைவு வருவதில்லை, வாங்கி வைத்தவரின் முகம்தான் வருகிறது.

என் வண்டி நகர்ந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். விடும்போது டாஷ்போர்டைப் படம் எடுத்து வைத்திருந்தேன். ஓடோமீட்டர் இப்போது ஒரு கிலோமீட்டர் கூடுதலாக இருக்கிறது. பேட்டரி மெயின் சுவிட்சை நான் அணைத்துவிட்டுப் போனதற்கும் படம் இருக்கிறது, திரும்பி வந்தபோது அது போட்டபடியே இருந்தது. நகர்த்துவதற்காகப் போட்டவர் அணைக்க மறந்துவிட்டார். கேஸ் கசிவைக் காட்டும் அந்தச் சின்னக் கருவி ஒன்று போதும், மெயின் சுவிட்ச் போட்டிருந்தால் இரவும் பகலும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். முழு சார்ஜில் 12.7 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி 4 காட்டியது. ஈய அமில பேட்டரி அப்படி மாதக் கணக்கில் காலியாகக் கிடந்தால் உள்ளே சல்பேட் கெட்டியாகிப் பிறகு சார்ஜே ஏறாது. அதுவும் போனது.

இப்போது இன்ஷூரன்ஸ் பக்கம் வருகிறேன். உங்கள் மௌனம் என்னை அதிகமாக அடித்த இடம் இதுதான், பல யார்டுக்காரர்கள் இதை யோசித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். க்ளெய்ம் படிவத்தில் முதல் கேள்வியே, சேதம் நடந்த தேதி என்ன? என்னிடம் பதில் இல்லை. திடீரென்று நடந்த மோதல் என்றால் பாலிசியில் இடம் உண்டு. நாள்பட்ட நீர்க்கசிவு, உளுத்துப்போனது, பூஞ்சை, எலி கடித்தது, இவையெல்லாம் பல பாலிசிகளில் விலக்கு, அதாவது இழப்பீடு கிடையாது, பராமரிப்பில்லாததால் வந்தது என்று வகைப்படுத்திவிடுவார்கள். என் வண்டியின் சுவர் ஒரே நாளில் இடிபட்டு மாதக் கணக்கில் ஊறியது. இடிபட்ட நாள் தெரிந்தால் அது மோதல், தெரியாவிட்டால் அது கசிவு. சேதத்தை மதிப்பிட வந்த இன்ஷூரன்ஸ் சர்வேயர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் அவர் குறிப்பேட்டில் எழுதியதை நான் பார்த்தேன்: ‘நீண்டகால ஈரம்.’ யார்டில் கேமரா இருக்கிறதே, பார்க்கலாமே என்று ஓடினேன். பெரும்பாலான கேமராப் பதிவுகள் சில வாரங்களிலேயே பழையதன் மேல் புதியதை எழுதிக்கொள்கின்றன. இங்கேயும் அப்படித்தான், பதிவு எப்போதோ போய்விட்டது.

ஆக, அந்த டேப்போடு சேர்த்து ஒரு தேதியையும் மூடி ஒட்டிவிட்டார்கள்.

என் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து மாதத்தில் ஒரு முறைகூடப் போய்ப் பார்க்காதது என் தவறு, அதை இன்ஷூரன்ஸ்காரரும் சொன்னார், நானும் ஒப்புக்கொண்டேன். விடும்போது டாஷ்போர்டைப் படம் எடுத்தவன் நான்கு மூலைகளையும் கூரையையும் எடுக்கவில்லை. வண்டி வைத்திருக்கிற மற்றவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து கூரை, நான்கு மூலை, ஜன்னல் ஓரங்கள், அடிப்பகுதி என்று எல்லாவற்றையும் யார்டு ஆள் பக்கத்தில் நிற்கும்போதே எடுத்து, அன்றைக்கே அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். மாதம் ஒரு முறை போக முடியாவிட்டால் யாரையாவது அனுப்புங்கள். குழாயில் தண்ணீரை வடிப்பது, ஃபிரிட்ஜ் கதவைக் கொஞ்சம் திறந்து வைப்பது, கேஸ் சிலிண்டரை மூடுவது எல்லாம் நீங்கள் ஏற்கனவே செய்வீர்கள்.

சேதத்தைக் கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதில் நான் ஒரு காரியம் சரியாகச் செய்தேன், ஒன்றைத் தவறாகச் செய்தேன். முதல் கோபத்தில் டேப்பை உரித்தது தவறு. இருந்தபடியே, தூசியோடு, சுருண்ட ஓரத்தோடு படம் எடுத்த பிறகுதான் உரித்திருக்க வேண்டும். உரித்த பிறகு எடுத்த படங்கள்தான் என்னிடம் இருக்கின்றன. சரியாகச் செய்தது, ஊறிய மெத்தையையும் பெயர்ந்த பலகையையும் தூக்கி எறியாமல் சர்வேயர் வரும்வரை வைத்திருந்தது. மேலும் சேதமாகாமல் தடுப்பது உரிமையாளரின் கடமை என்று பாலிசியிலேயே இருக்கும், அதனால் தார்ப்பாய் போட்டது, மின்விசிறி வைத்துக் காயவைத்தது என்று செலவான ஒவ்வொன்றுக்கும் ரசீது வைத்துக்கொள்ளுங்கள். யார்டோடு பேசியதை அன்று மாலையே எழுத்தில் அனுப்பிவிடுங்கள், இன்று இன்னாரோடு இதைப் பேசினேன் என்று இரண்டு வரி போதும். வாய்ப்பேச்சு ஒரு மாதத்தில் இரண்டு கதையாகிவிடும்.

அப்புறம் எலி. ஆறு மில்லிமீட்டர் இடைவெளி போதும், சுண்டெலி நுழைந்துவிடும், என் வண்டிப் பிளவு அதைவிடப் பெரிது. மெத்தை ஃபோமைப் பிய்த்து அலமாரி மூலையில் கூடு கட்டியிருந்தது. அதைச் சுத்தம் செய்யும் ஆத்திரத்தில் துடைப்பத்தை எடுத்துவிடாதீர்கள், வாக்வம் போடாதீர்கள். சில வகை எலிகளின் எச்சத்திலும் சிறுநீரிலும் கடும் நோய் தரும் ஹன்டா வைரஸ் இருக்கலாம், பெருக்கினால் தூசியோடு பறந்து மூச்சுக்குள் போகும். கதவு ஜன்னல்களைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விட்டு, கையுறை போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நன்றாக நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, காகிதத் துண்டால் துடைத்து எடுக்க வேண்டும். யார்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: சுற்றுப்புறத்தில் புல் வளரவிடாமல் பொறி வைப்பது நல்லது, ஆனால் வண்டிகளுக்கு அடியில் விஷம் வைத்தால் எலி அதைத் தின்றுவிட்டு எங்கள் சுவருக்குள் போய்த்தான் சாகும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயங்கள் இல்லை. வண்டி வரும்போது இரண்டு பேரும் சேர்ந்து சுற்றி வந்து ஒரு தாளில் இருக்கிற கீறல்களைக் குறித்துக் கையெழுத்துப் போடுவோம், வாடகைக் கார் எடுக்கும்போது செய்கிற அதே காரியம்தான். இது உங்களுக்கும் பாதுகாப்பு, ஏற்கனவே இருந்த பள்ளத்தை உங்கள் தலையில் கட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். சாவி வாங்குகிற யார்டு என்றால் எந்த வண்டியை, எந்த நாள், யார் நகர்த்தினார் என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். பெரிய காற்றோ ஆலங்கட்டி மழையோ வந்த மறுநாள் ஒரு ஆள் ஒரு சுற்று நடந்து வரட்டும். எது இடித்தாலும், எது விழுந்தாலும் அன்றைக்கே ஒரு படமும் ஒரு போனும். அந்த நாள் கேமராப் பதிவைத் தனியாக எடுத்து வையுங்கள். எங்களைக் கேட்காமல் டேப்போ சிலிகானோ வைத்து மூடாதீர்கள். பல கூரைகள் ரப்பர் வகை, அதில் சாதாரண சிலிகான் சரியாகப் பிடிக்காது, பிறகு சரியான சீலன்ட் போடவும் விடாது, சுரண்டி எடுக்கவே ஒரு நாள் ஆகும். அவசரம் என்றால் மேலே ஒரு தார்ப்பாயைக் கட்டிவிட்டுக் கூப்பிடுங்கள், அது போதும்.

இதையெல்லாம் எழுதி மாட்டிவைத்தாலும் ஒன்று நடக்காவிட்டால் பயனில்லை. அந்த டேப்பைப் பற்றி நான் இந்த வாரங்களில் நிறைய யோசித்தேன். அலட்சியமான ஆள் இரண்டு முறை ஏணி ஏற மாட்டார். பயந்த ஆள்தான் ஏறுவார். சொன்னால் சம்பளத்தில் பிடிப்பார்கள், வேலை போய்விடும் என்று நினைத்து, கையில் இருந்ததை வைத்துத் தன்னால் ஆனதைச் செய்திருக்கிறார். அப்படி ஒருவர் பயப்பட வேண்டியிருந்தது அவருடைய குற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை. உரிமையாளர்களே, உங்களுக்கும் பொறுப்புக் காப்பீடு இருக்கும், இந்த மாதிரி இடிகளுக்காக எடுத்ததுதானே அது? இடித்ததை அன்றைக்கே வந்து சொல்கிற தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பைசாகூடக் கை வைக்க மாட்டோம் என்று நீங்கள் உங்கள் ஆட்களை நிற்கவைத்து வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு முறை சொன்னால் நம்ப மாட்டார்கள். முதல் ஆள் வந்து சொல்லும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் இரண்டாவது ஆள் வருவார்.

கடைசியாக, அந்த டேப்பை ஒட்டிய அண்ணனுக்கோ தம்பிக்கோ. நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது, அலுவலகத்திலும் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை. டேப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறேன். என் க்ளெய்ம் கோப்பு இன்னும் மூடப்படவில்லை, தேதி என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. என் நம்பர் இன்னும் அதே பதிவேட்டில், அதே முதல் பக்கத்தில்தான் இருக்கிறது. பெயர் சொல்ல வேண்டாம், எப்படி நடந்தது என்றும் சொல்ல வேண்டாம். அது எந்த நாள் என்று மட்டும் சொல்லுங்கள்.